ரயில் ஓடும் முந்தானை

வங்காளத்தில் பாத்ர மாதம் என்பது நமக்கு ஆவணி. மழை முற்றிலும் ஓயாத, ஆனால் இரண்டு மழைகளுக்கு நடுவில் வெயில் சுள்ளென்று உறைக்கிற மாதம். அந்த வெயிலுக்காகவே கொல்கத்தாவின் பழைய வீடுகளில் ஒரு வேலை காத்திருக்கும். ஆண்டு முழுவதும் பெட்டிக்குள் மடிந்து கிடந்த பட்டுப் புடவைகளையும் சால்வைகளையும் மொட்டை மாடிக்குக் கொண்டுவந்து, பழைய வேட்டியால் மூடிச் சில மணி நேரம் காற்றாட வைத்து, வேப்பிலையையும் கருஞ்சீரக முடிச்சையும் புதிதாக மாற்றி, மடிப்பை வேறு கோட்டுக்கு நகர்த்தி மீண்டும் உள்ளே வைப்பார்கள். ஒரே மடிப்பில் பல ஆண்டுகள் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும் என்பது பட்டு உடுத்தும் எல்லா ஊர்ப் பெண்களும் அறிந்ததுதான். வங்கிப் பணி மாறுதலில் நான் கொல்கத்தாவுக்குப் போய் லேக் மார்க்கெட் அருகே குடியிருந்தபோது, மேல் மாடியில் வசித்த மாஷிமாவுக்கு இந்த வேலையில் ஒவ்வோர் ஆண்டும் கைகொடுத்து வந்தேன். அம்மாவின் சகோதரி முறை வைத்து, வயதில் மூத்த பெண்களை அங்கே மாஷிமா என்றுதான் அழைப்பார்கள்.

இரண்டாவது ஆண்டில்தான் அவர் அந்தப் புடவையை வெளியே எடுத்தார். அதைத் தூக்கவில்லை, கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அந்தத் துணியோடு சேர்த்து ஏந்தி வந்தார். தம் பாட்டிக்கு, அந்தப் பாட்டியின் தாய் கொடுத்தது என்றார். உடல் முழுவதும் கத்தரிப்பூ நிறம், அதில் பூட்டா எனப்படும் சிறுசிறு பூ உருவங்கள். ஜரிகை ஒரு இழைகூடக் கிடையாது. முந்தானையின் நடுவில் நாம் மாங்காய் என்று சொல்லும் உருவம், அங்கே கல்கா, வரிசையாக நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றி நான்கு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மாடத்துக்குள் ஒரு பெண் உட்கார்ந்து, ஒரு கையில் பூவை முகர்ந்துகொண்டு, மறு கையில் ஹூக்காவின் குழலைப் பிடித்திருந்தாள். வெளி வரிசைக்கு வந்தபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. புகை போக்கியோடு என்ஜின், பின்னால் பெட்டிகள், பெட்டிகளுக்குச் சன்னல்கள், ஒவ்வொரு சன்னலிலும் ஒரு முகம்.

பட்டுப் புடவையில் யானையும் மயிலும் யாளியும் பார்த்துப் பழகிய எனக்கு, நெசவாளர் ஒருவர் தம் காலத்தில் தம் ஊருக்கு வந்த புகைவண்டியைப் பட்டில் நெய்து, அதை ஒரு மணப்பெண்ணின் தோளில் போட்டிருக்கிறார் என்பது அன்று முழுவதும் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த வகைப் புடவைக்குப் பாலுச்சரி என்று பெயர். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் நான் வாசித்ததிலும், கொல்கத்தா அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் நின்றதிலும், அது இன்று நெய்யப்படும் பிஷ்ணுபூருக்கு இரண்டு முறை போய் வந்ததிலும் பெரும்பகுதி அந்த ரயிலைத் தொடர்ந்து போனதுதான்.

பாலு என்றால் மணல். சர் என்றால் ஆறு ஒதுக்கிப் போட்ட திட்டு. முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பாகீரதி ஆற்றங்கரையில், இன்றைய ஜியாகஞ்ச் இருக்கும் பகுதிக்குத்தான் பாலுச்சர் என்று பெயர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முர்ஷித் குலி கான் வங்காளத்தின் தலைநகரை டாக்காவிலிருந்து இந்த ஆற்றங்கரைக்கு மாற்றி, ஊருக்குத் தன் பெயரையே சூட்டினார். பட்டு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மால்தா, முர்ஷிதாபாத், பீர்பூம் வட்டாரங்களில் மல்பெரியும் பட்டுப்புழுவும் அதற்கு முன்பே இருந்தன. நிஸ்தாரி என்ற உள்ளூர்ப் புழு பொன் மஞ்சள் நிறக் கூடு கட்டும். ஆண்டுக்குப் பல தலைமுறை எடுக்கும். அருகிலேயே காசிம்பஜாரில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் பட்டுக்காகவே வணிகக் கிடங்குகள் வைத்திருந்தார்கள். நவாபின் அரசவையும், ராஜஸ்தானத்திலிருந்து வந்து ஜியாகஞ்சிலும் எதிர்க்கரை அஜீம்கஞ்சிலும் குடியேறிச் செல்வம் சேர்த்த ஓஸ்வால் சமணக் குடும்பங்களும், ஜமீன்தார் வீடுகளும் உள்ளூரிலேயே வாங்குவதற்கு இருந்ததால், ஏற்றுமதிக்கு மூட்டை கட்டும் சாதாரணப் பட்டோடு இப்படியொரு மிக நுணுக்கமான புடவையும் அங்கே வளர முடிந்தது.

பழைய பாலுச்சரியில் பட்டு நூல் பெரும்பாலும் முறுக்கப்படாதது. முறுக்கு இல்லாததால் அதன் மினுமினுப்பு கண்ணைக் குத்தாது. நீரில் நனைந்த இலையைப் போல் ஒரு மெல்லிய ஒளிதான் இருக்கும். தரை நிறங்கள் ஆழ்ந்தவை: அடர் சிவப்பு, கருநீலம், கத்தரிப்பூ, அரக்கு. அவற்றின்மேல் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை ஆகிய நிறங்களில் கூடுதல் ஊடை, அதாவது குறுக்கு இழை, கொடுத்து உருவங்களை எழுப்பினார்கள். பொன்னும் வெள்ளியும் இல்லாமல், வெறும் பட்டை மட்டும் நம்பி இவ்வளவு செல்வச் செழிப்பைக் காட்டிய துணி இந்தியாவில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஜரிகையின் எடையை வைத்துப் புடவையின் மதிப்பைச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் அந்த எண்ணம் எனக்கு எளிதில் வந்துவிடவில்லை.

உருவங்களுக்கு வருவோம். நவாப் ஒருவர் திண்டில் சாய்ந்து ஹூக்கா புகைக்கிறார். குதிரைமேல் ஒருவன் கையில் ரோஜாப் பூவோடு போகிறான். சீமாட்டி விசிறிக்கொள்கிறாள். தொப்பியும் இறுக்கமான கால்சட்டையும் அணிந்த துரை நாற்காலியில் அமர்ந்து கோப்பையைக் கையில் ஏந்தியிருக்கிறார். சில புடவைகளில் துரையும் ஹூக்கா பிடிக்கிறார். ஆற்றில் படகு, அதன் பிறகு சக்கரம் வைத்த நீராவிக் கப்பல், அதன் பிறகு ரயில். கடவுள் உருவங்கள் பழைய பாலுச்சரியில் அரிது. இவை அந்த ஊரில், அந்த ஆற்றில், அந்தச் சில பத்தாண்டுகளில் கண்ணில் பட்டவை. முர்ஷிதாபாத்தின் சிற்றோவியங்களில் காணும் பக்கவாட்டு முகமும் மாட வளைவும் இவற்றிலும் இருப்பதால், வரைந்து கொடுத்தவர்களுக்கு அந்த ஓவியங்கள் பழக்கமானவை என்று கொள்ள இடமிருக்கிறது. ஆனால் ஓவியம் நவாபின் அறைக்குள் இருந்தது. புடவை திருமண வீட்டுக்கும் பூஜைப் பந்தலுக்கும் போனது. தெருவில் என்ன நடக்கிறது என்பதைப் பெண்கள் உடுத்திக்கொண்டு நடந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கலையின் மையமாகப் படுகிறது.

மாஷிமாவின் புடவையில் இருந்த ரயிலையே எடுத்துக்கொள்ளலாம். வங்காளத்தில் முதல் பயணிகள் ரயில் 1854 ஆகஸ்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது. ஆனால் ஹௌரா எங்கே, பாலுச்சர் எங்கே? நான் நீண்ட நாள் அந்த நெசவாளர் கொல்கத்தாவுக்குப் போய் ரயிலைப் பார்த்துவிட்டு வந்து நெய்திருப்பார் என்றே கற்பனை செய்துகொண்டிருந்தேன். பிறகுதான், நல்ஹாட்டியிலிருந்து அஜீம்கஞ்சுக்கு ஒரு சிறு கிளைப் பாதை 1863-லேயே திறக்கப்பட்டது என்று தெரிந்தது. அஜீம்கஞ்ச் என்றால் ஜியாகஞ்சுக்கு நேர் எதிர்க்கரை. நடுவில் பாகீரதி மட்டும்தான். தறியை விட்டு எழுந்து படித்துறைக்கு வந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புகை எழுவது தெரிந்திருக்கும். பாட்டியின் தாய் என்று மாஷிமா சொன்ன கணக்கும் அந்த ஆண்டுகளோடு ஒத்துப்போனது. இதை அவரிடம் சொன்னபோது, தன் வீட்டுப் பெட்டிக்குள் ஒரு தேதி இருந்திருக்கிறது என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

இத்தனை உருவங்களையும் தறியில் எப்படி எழுப்பினார்கள் என்பது தனிக் கதை. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் இருந்தது ஜாலா தறி. முதலில் உருவத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த ஊடைக்கு நீளவாக்கில் ஓடும் எந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டும் என்பதை நூலிலேயே முடிந்து வைப்பார்கள். அந்த நூல் முடிச்சுத் தொகுதிக்கு நக்ஷா என்று பெயர். பிறகு அது தறியின் மேலே கட்டப்படும். நெசவாளர் கீழே உட்கார்ந்திருக்க, உதவியாள் ஒவ்வொரு ஊடைக்கும் உரிய கயிற்றை இழுத்துப் பிடிப்பார், எழுந்த இழைகளுக்கு அடியில் நிற நூல் போகும், அடுத்த கயிறு. உருவம் முழுவதும் அந்த முடிச்சுகளில்தான் இருக்கிறது. தறியில் உட்கார்ந்திருப்பவர் அதை மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நக்ஷாவைக் கட்டுகிறவர் முழுப் புடவையையும் நூலாகவே கண்டாக வேண்டும். ஒரு புடவைக்கு மாதக்கணக்கில் ஆனதில் வியப்பில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹூக்கா பிடிக்கும் பெண்ணின் கன்னமும் குதிரையின் முதுகும் வளைகோடாக இல்லாமல் படிப்படியாக ஏறி இறங்குவது தெரியும். ஒவ்வொரு படியும் ஒரு முடிச்சு. கொஞ்சம் தள்ளி நின்றால் படிகள் கரைந்து முகம் வந்துவிடும்.

இந்தக் கலை ஏன் அழிந்தது என்பதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஆறு. பாகீரதி கரையை அரித்ததில் பாலுச்சர் போய்விட்டது, நெசவாளர்கள் சிதறினார்கள் என்று பிஷ்ணுபூரிலும் சொல்கிறார்கள், முர்ஷிதாபாத்திலும் சொல்கிறார்கள். மணல் திட்டின் பெயரை வைத்துக்கொண்ட ஊருக்கு அது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஆற்றின்மேல் முழுப் பழியையும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனின் நெசவுத் தொழிலைக் காக்க, இந்தியப் பட்டுத் துணிகளை அந்நாட்டில் உடுத்துவதற்கே 1700-ஆம் ஆண்டின் சட்டம் தடை விதித்தது. அவர்களுக்குத் துணி வேண்டாம், நூல் வேண்டும். பிளாசிப் போருக்குப் பின் வங்காளம் கையில் வந்ததும் அந்த விருப்பம் ஆணையாயிற்று. வங்காளத்தில் கச்சாப் பட்டை ஊக்குவிக்க வேண்டும், பட்டுத் துணி நெய்வதைத் தளர்த்த வேண்டும், நூல் எடுப்பவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கூடங்களில்தான் வேலை செய்ய வேண்டும், தங்கள் வீடுகளில் செய்யக் கூடாது என்ற பொருளில் லண்டனிலிருந்து கம்பெனி இயக்குநர்கள் 1769 மார்ச்சில் எழுதிய கடிதம் பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையிலேயே எடுத்துக்காட்டப்பட்டது.

ஆங்கிலேயர் வங்காள நெசவாளர்களின் கட்டை விரல்களை வெட்டினார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் பள்ளியிலிருந்தே கேட்டிருக்கிறோம். கம்பெனியில் வேலை பார்த்து அதோடு பகை கொண்ட வில்லியம் போல்ட்ஸ் 1772-ல் அச்சிட்டது வேறு. அது இன்னும் கொடியது. நாகாட் எனப்பட்ட பட்டு நூல் சுற்றுபவர்கள், கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படுவதிலிருந்து தப்புவதற்குத் தங்கள் கட்டை விரல்களைத் தாங்களே வெட்டிக்கொண்டதாக அவர் எழுதினார். நெசவாளர்கள் அல்லர், நூல் சுற்றுபவர்கள். பிறர் வெட்டவில்லை, தாங்களே. இந்த வேறுபாட்டை நாம் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டிலிருந்து நூல் நுனியைப் பிடித்து எடுக்கும் விரல் அது. பிழைப்புக்கு இருந்த ஒரே விரலை ஒருவன் வெட்டிக்கொள்கிறான் என்றால் அந்தக் கூடத்துக்குள் என்ன நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் 1770-ன் பஞ்சம் வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸ் மதிப்பிட்டார். 1772-ல் வருவாய் நிர்வாகமும் முர்ஷிதாபாத்திலிருந்து கொல்கத்தாவுக்குப் போனது. இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு நூறு ஆண்டுகள் பாலுச்சரி உயிரோடு இருந்தது என்பதையும், துரையையும் நீராவிக் கப்பலையும் ரயிலையும் அது நெய்தது இந்த அழிவுக் காலத்தில்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் புடவைகளைச் செழிப்பின் நினைவாக மட்டும் பார்க்க முடியாமல் போகிறது.

கடைசியாகப் பெயர் தெரிகிற பெரும் கைவினைஞர் துப்ராஜ் தாஸ். தாம் உருவாக்கிய புடவைகளில் தம் பெயரையே நெசவில் எழுதிவைத்தார். கோயில் கட்டியவர்களின் பெயரும் சிலை வடித்தவர்களின் பெயரும் பெரும்பாலும் தெரியாத நாட்டில், ஒரு பெண்ணின் புடவையில் நெசவாளரின் பெயர் இருப்பதை எண்ணிப் பார்க்கிறேன். 1903-ல் அவர் மறைந்தார். நக்ஷா கட்டும் நுட்பம் அவரோடு போய்விட்டது.

அதன் பிறகு அரை நூற்றாண்டு இடைவெளி. 1956 வாக்கில் ஓவியர் சுபோ தாகூர், பிஷ்ணுபூரைச் சேர்ந்த அக்ஷய் குமார் தாஸ் என்ற நெசவாளரைக் கொல்கத்தாவில் இருந்த தம் வடிவமைப்பு மையத்துக்கு வரவழைத்து ஜக்கார்டு நெசவைக் கற்கச் செய்தார். ஊர் திரும்பிய அக்ஷய் குமார் தாஸ், உள்ளூர்க் கதர்ப் பட்டு நிறுவனம் ஒன்றின் பண உதவியோடு 1957-ல் முதல் புதிய பாலுச்சரியை நெய்து முடித்தார். பெயர் பிறந்த ஜியாகஞ்சுக்கும் புடவை மறுபடி பிறந்த பிஷ்ணுபூருக்கும் இடையில் நேர்கோட்டிலேயே 160 கிலோமீட்டர் இருக்கும். புவிசார் குறியீடு வாங்கியபோதும் பாலுச்சரி பாங்குரா மாவட்டத்தின் பொருளாகத்தான் பதிவாயிற்று. சொந்த ஊரில் இன்று அந்த நெசவு இல்லை. அங்கே மிர்சாபூர் போன்ற ஊர்களில் இருப்பது கரத், கோரியல் என்னும் வெண்பட்டு. சிவப்புக் கரை வைத்து துர்கா பூஜையின் கடைசி நாளில் சிந்தூர் விளையாட்டுக்குப் பெண்கள் உடுத்துவது. அவற்றுக்கும் 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பிஷ்ணுபூர் மல்ல மன்னர்களின் ஊர். கல் அரிதான சமவெளியில் செங்கல்லையே சிற்பமாக்கிக் கோயில் எழுப்பினார்கள். 1643-ல் கட்டிய ஷியாம் ராய் கோயிலிலும் 1655-ல் கட்டிய ஜோர் பாங்ளாவிலும் சுவரில் கையகலம்கூடச் சும்மா விடப்படவில்லை. சுட்ட மண் பலகைகள் வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாக: கண்ணனின் ராஸ லீலை, இராமாயணப் போர், அம்புப் படுக்கையில் பீஷ்மர், அவற்றுக்குக் கீழே வேட்டைக்குப் போகிறவர்கள், படகில் போகும் வீரர்கள். மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில் ஜோர் பாங்ளாவின் முன் நின்றபோது, இந்த ஊர் நெசவாளருக்குப் பாலுச்சரியின் கட்ட அமைப்பு ஏன் அந்நியமாகத் தோன்றியிருக்காது என்பது புரிந்தது. சுவரே ஒரு முந்தானை போலத்தான் இருந்தது. புதிய பாலுச்சரியின் உருவங்கள் இந்தச் சுவர்களிலிருந்தும், அஜந்தா ஓவியங்களிலிருந்தும், இதிகாசங்களிலிருந்தும் வந்தன. அர்ஜுனனுக்குக் கண்ணன் கீதை உரைக்கும் தேர், இராமனின் திருமணம், மானோடு சகுந்தலை. நவாபும் துரையும் ரயிலும் பின்னுக்குப் போனார்கள்.

கிருஷ்ணகஞ்ச் பகுதியில் ஒரு தறி வீட்டுக்கு எனக்கு அறிமுகம் கிடைத்தது. அறுபது வயதைக் கடந்த நெசவாளர். நான் அவரை தாதா என்றேன். அங்கே அது அண்ணன். அவர் என்னை தீதி, அதாவது அக்கா, என்றார். தறிக்குழிக்குள் கால்களை விட்டு அமர்ந்திருந்தார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கின. மிதியை அழுத்தும்போது ஓர் அட்டை வந்து பெட்டியில் படியும். துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழும். அதோடு கட்டிய பாவு எழும். ஜாலா தறியில் ஒருவர் உட்கார்ந்து கயிறு இழுத்த வேலையை அட்டை செய்கிறது. பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு இதை உருவாக்கினார் என்பதும், அட்டையில் துளை உண்டு, இல்லை என்ற அந்த முறையே பின்னாளில் கணிப்பொறிக்குத் தகவல் தரும் வழியாயிற்று என்பதும் நாம் படித்தவைதான். ஆனால் அந்தச் சிறிய அறையில், ஒவ்வோர் ஊடைக்கும் மேலே இருந்து வரும் கடகடவென்ற ஓசையைக் கேட்டுக்கொண்டு, கண்ணனின் கையில் இருக்கும் சவுக்கு இழை இழையாக வளர்வதைப் பார்ப்பது வேறு அனுபவம். நூல் மால்தாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறது என்றார். சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையை நீக்கி, சாயமேற்றி, பாவு ஓட்டித் தறியில் ஏற்றிய பின், இருவர் முறை வைத்து நெய்தால் ஐந்து ஆறு நாளில் ஒரு புடவை இறங்கிவிடும். ஒரு காலத்தில் மாதங்கள் எடுத்த வேலை.

அப்படியென்றால் அட்டை வந்தது நன்மைதானே என்று யாரும் கேட்கலாம். நன்மைதான்; அது இல்லாவிட்டால் இன்று பாலுச்சரி என்ற சொல்லே அருங்காட்சியகத்துக்கு வெளியே இருந்திருக்காது. என் மனத்தில் இருந்த கேள்வியை அவரிடம் கேட்டேன்: ரயில் நெய்தவர்களின் புடவையில் இன்று ஏன் ஒரு பேருந்துகூட இல்லை? அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய், சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைக் கட்டுகளைக் காட்டினார். ஒரு முழு முந்தானைக்கு ஆயிரக்கணக்கான அட்டைகள் வேண்டும். உருவத்தை வரைபடத் தாளில் கட்டம் கட்டமாக நிரப்ப ஒருவர், பார்த்து அட்டையில் துளையிட ஒருவர் என்று அதற்குத் தனிச் செலவு. அந்தச் செலவைச் செய்கிறவர் மகாஜன். நூல் அவருடையது, அட்டை அவருடையது, புடவையும் அவருடையது; நெசவாளருக்குக் கூலி. செலவழித்துச் செய்த அட்டையைத் தேயும் வரை ஓட்டத்தான் பார்ப்பார்கள். கீதை உபதேசம் எந்த ஊரிலும் விற்கும், வாங்குகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. “புதிதாக ஒன்று செய்து அது விற்காவிட்டால், அந்த அட்டைகளை அடுப்பில்தான் வைக்க வேண்டும், தீதி” என்றார்.

நுட்பம் திரும்பி வந்தது, ஆனால் பார்த்ததை நெய்யும் உரிமை நெசவாளருக்குத் திரும்பி வரவில்லை என்பதை அப்போதுதான் முழுமையாக உணர்ந்தேன். துப்ராஜ் தாஸ் தம் பெயரைப் புடவையில் எழுதினார். இந்த அண்ணன் நெய்த புடவையில் அவர் பெயர் இல்லை என்பது மட்டுமில்லை, அதில் என்ன படம் இருக்க வேண்டும் என்பதிலும் அவருக்குச் சொல் இல்லை. இராமாயணக் காட்சிகளைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ஷியாம் ராய் கோயிலின் சுவரைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கோயிலைச் செய்தவர்களே கண்ணனுக்குக் கீழே தம் காலத்துப் படகையும் வேட்டைக்காரனையும் வைத்தார்கள். முழுச் சுவரும் புராணமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஜரிகையில் நெய்தால் ஸ்வர்ணச்சரி, பல நிறங்களைச் சேர்த்தால் மீனாகாரி என்று இன்றைய பாலுச்சரிக்குக் கிளைகள் உண்டு. கடைகளில் முதலில் எடுத்துப் போடுவது ஸ்வர்ணச்சரியைத்தான். அது பளிச்சென்று இருக்கும், திருமண விளக்கொளியில் நன்றாகவும் இருக்கும். இருந்தாலும் எனக்குப் பட்டின்மேல் பட்டு நெய்த பழைய முறையே பெரிது. தங்க நிறம் வந்தவுடன் கண் உருவத்தை விட்டுவிட்டு ஒளிக்குப் போய்விடுகிறது. இதைவிடக் கவலைப்பட வேண்டியது விசைத்தறியில் செயற்கை இழையில் ஓட்டிய நகல்கள். கீதை உபதேசத் தேரையே அச்சாகக் கொண்டுவந்து, மிகக் குறைந்த விலைக்கு அதே பெயரில் விற்கிறார்கள். தொட்டால் தெரியும்: அவை வழுக்கும், பட்டு கையில் நிற்கும். வாங்குகிறவர்கள் தறி வீட்டிலோ கூட்டுறவுக் கடையிலோ கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் பார்த்து வாங்கினால் அந்தக் கூலியாவது சரியான கைக்குப் போகும்.

இரண்டாம் முறை போனபோது பூஜைக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. தெரு முழுவதும் தறி ஓசை. விடைபெறும் நேரத்தில் அண்ணன் என்னை நிறுத்தி, பரணிலிருந்து சுருட்டிய வரைபடத் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அவருடைய மகள் வரைந்தது. கல்லூரியில் படிக்கிறாள், துளை அடிக்கும் கணினி வேலையும் கற்கிறாள். தாளில் கரைக்கான சிறு பட்டி ஒன்று. கட்டங்களை நிரப்பி, படிப்படியான விளிம்போடு, ஒரு வண்டி. மூன்று சக்கரம், மேலே கூரை, முன்னால் ஒரு கண்ணாடி. பிஷ்ணுபூரில் ரயில் நிலையத்திலிருந்து கோயில்களுக்குப் பயணிகளை ஏற்றிப் போகும் மின்கல ஆட்டோ. ஊரில் அதை டோட்டோ என்பார்கள். நான் அன்று காலை அதில்தான் வந்து இறங்கியிருந்தேன். முந்தானைக்கு என்றால் அட்டை எண்ணிக்கை கட்டுப்படியாகாது, கரைக்கு என்பதால் சில நூறில் முடிந்துவிடும், பூஜை வேலை தீர்ந்ததும் தம் செலவிலேயே அடித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்றார். மகாஜனிடம் இன்னும் காட்டவில்லை. தாளை மறுபடி சுருட்டும்போது, அதன் ஓரத்தில் பென்சிலால் மகள் தன் பெயரைச் சிறிதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

கொல்கத்தா திரும்பிய அன்று மாலையே மேல் மாடிக்குப் போய் மாஷிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில்களைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்; அட்டை, கூலி என்று சொன்னபோது பேசாமல் இருந்தார். டோட்டோவைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?” என்று கேட்டார். “எங்கள் ரயிலில் ஒவ்வொரு சன்னலிலும் ஆள் உண்டு. நீ பார்த்தாயா?”

நான் வண்டியை மட்டும்தான் பார்த்திருந்தேன்.